இடது காலில் இருக்கும் பிரேக்

தணிகை,

இதை வேலைக்குக் கிளம்புகிற அவசரத்தில் பிரிக்காதே. அறைக்குத் திரும்பி, கை கால் கழுவி, உட்கார்ந்த பிறகு படி. போனில் சொல்லக் கூடாதா என்று நினைப்பாய். போன வாரம் நான்கு முறை கூப்பிட்டேன், நான்கு முறையும் நீ எடுக்கவில்லை. எடுத்திருந்தாலும் சாப்பிட்டாயா, ஓசூரில் மழையா என்று கேட்டுவிட்டு வைத்திருப்பேன். முப்பது வருஷமாக சர்வேயர் வேலை பார்க்கிறேன். ஊரான் நிலத்தில் எல்லைக்கல் ஒரு முழம் நகர்ந்திருந்தாலும் கண்டுபிடித்துச் சொல்லிவிடுவேன். என் வீட்டு விஷயத்தில் ஒரு உண்மையைச் சொல்ல எனக்குப் பதின்மூன்று வருஷம் ஆகியிருக்கிறது. வருகிற ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டு மணிக்குள் உன் கல்யாணம் நடக்குமா நிற்குமா என்பது தெரிந்துவிடும். இதில் உன் தவறு எதுவும் இல்லை. என் தவறு மூன்று இருக்கிறது. ஒன்று உனக்குத் தெரியும். மற்ற இரண்டும் தெரியாது, அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

தெரிந்ததிலிருந்தே தொடங்குகிறேன். நிச்சயதார்த்தத்துக்கு ஒரு மாதம் முன்னால் நீ என்னிடம் தெளிவாகச் சொன்னாய். "வண்டி கிண்டின்னு எதுவும் வாங்கக் கூடாதுப்பா. பொண்ணு மட்டும் வந்தா போதும். வண்டிக்கு பச்ச வண்டி இருக்குது." நானும் சரி என்றேன். மனதாரத்தான் சொன்னேன், நம்பு. சபையில் பெரியவர் எழுந்து, பெண் வீட்டார் செய்வது இன்னதென்று ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டு வந்தார். "மாப்பிள்ளைக்குப் புது மோட்டார் சைக்கிள்" என்றதும் நிறுத்தி என் முகத்தைப் பார்த்தார். நீயும் பார்த்தாய். அந்த நேரத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த உன் பெரியப்பா என் காதருகே குனிந்து, "என் ரெண்டு பசங்களுக்கும் வந்துச்சி. உன் பையனுக்கு மட்டும் இன்னா கொறச்சல்?" என்றார். வேண்டாம் என்று சொல்ல ஒரே ஒரு வார்த்தை போதும். நான் தலையை ஆட்டினேன். தட்டு மாறியது. நீ போட்டோவுக்குக் கூடச் சிரித்தாய். சாயங்காலம் உன் இரும்புப் பெட்டிகள் இரண்டையும் பச்சை வண்டியில் மாட்டிக்கொண்டு, "அந்தப் புது வண்டி வாசல்ல நின்னா, நான் இந்த வாசப்படி ஏற மாட்டேன்" என்று சொல்லிவிட்டு ஓசூருக்குப் போய்விட்டாய். உன் வண்டிச் சத்தம் பிள்ளையார்பாளையம் முனை திரும்பும்வரை கேட்டது. அதுவரை உன் அம்மா கதவைப் பிடித்துக்கொண்டே நின்றாள்.

அந்தப் பச்சை வண்டியை நான் ராணுவ ஏலத்தில் எடுத்தபோது உனக்கு இரண்டு வயது. உயரமான வண்டி, கனமான வண்டி, ஏரிக்கரை, வரப்பு, ஓடை என்று எதில் விட்டாலும் முனகாமல் போகும். என் அளவுச் சங்கிலியையும் கம்பத்தையும் கட்டிக்கொண்டு இந்தத் தாலுகா முழுக்க அதில்தான் சுற்றினேன். எனக்கு அது உத்தியோக வண்டி. நீதான் அதைப் பிரயாண வண்டி ஆக்கினாய். காலேஜ் முடித்த வருஷம் முழுசாகப் பிரித்துப் போட்டு, மறுபடி பூட்டி, கைப்பிடியை உயர்த்தி, இரண்டு பக்கமும் பெட்டி வைத்து ஜவ்வாது மலைக்குப் போனாய். பிறகு குடகுக்குப் போனாய். பிறகு எங்களிடம் பாதி உண்மை மட்டும் சொல்லிவிட்டு வடக்கே பனிமலை வரைக்கும் போய்விட்டு இருபத்தாறு நாள் கழித்து வந்தாய். பெட்டிக் கம்பி உடைந்ததைப் பக்கத்து வீட்டுத் தறிக்கயிற்றால் கட்டியிருந்தாய். அந்தக் கயிற்றைக் கிளம்பும்போதே கேட்டு வாங்கி வைத்திருந்தாயாம். முகமெல்லாம் கருத்து, உதடு வெடித்து, வாசலில் இறங்கி நின்று நீ சிரித்த சிரிப்பு இன்னும் என் கண்ணில் இருக்கிறது. உன்னோடு படித்தவர்கள் மூன்று வண்டி மாற்றிவிட்டார்கள். ஒவ்வொருவனும் வாசலில் வந்து நின்று புது வண்டியைக் காட்டும்போது உன் முகத்தில் ஏதாவது ஏக்கம் தெரிகிறதா என்று நான் உளவு பார்ப்பேன். ஒரு நாளும் தெரிந்ததில்லை. சுற்றி வந்து பார்ப்பாய், நல்லா இருக்குதுடா என்று நிஜமாகவே சந்தோஷப்படுவாய், அவன் போனதும் உன் வண்டிக்கு எண்ணெய் போட உட்கார்ந்துவிடுவாய். "இது எங்க இருமும், எங்க தும்மும்னு எனக்குத் தெரியும்பா. புதுசு வாங்கினா அத மறுபடி மொதல்லேந்து கத்துக்கணும்" என்பாய். இந்தப் பிள்ளைக்கு ஆசையே இல்லையோ என்று நான் கவலைப்பட்டிருக்கிறேன். போதும் என்று ஒருவன் நிம்மதியாக இருப்பதைப் பார்த்தால் எனக்கு ஏனோ பயமாகத்தான் இருந்திருக்கிறது. ஏனென்றால் நான் அப்படி இருந்ததில்லை.

இப்போது இரண்டாவது தவறு. நீ எட்டாம் வகுப்பு படித்தபோது நம் வீட்டில் பன்னிரண்டு நாள் ஒரு சிவப்பு வண்டி இருந்தது, நினைவிருக்கிறதா? ஆபீசில் எல்லோரும் புது வண்டிக்கு மாறிவிட்டார்கள். நான் பச்சை வண்டியை உதைத்துக் கிளப்பும்போதெல்லாம், "சர்வேயரு எருமைய ஓட்டிகினு கெளம்பிட்டாரு" என்று ஒரு சிரிப்பு எழும். சிரிப்பைத் தாங்கிக்கொள்கிற மனசு எனக்கு எப்போதுமே கிடையாது. பச்சை வண்டியைச் சாக்குப் போட்டு மூடிவிட்டு சிவப்பு வண்டி வாங்கினேன். பன்னிரண்டாம் நாள் உன் அம்மாவைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு தாமல் பக்கம் ஒரு வளைகாப்புக்குப் போனேன். நீ அரையாண்டுப் பரீட்சை எழுதப் போயிருந்தாய். அவள் புதுப் புடவை கட்டியிருந்தாள். வண்டி சத்தமே போடவில்லை, வழியெல்லாம் பேசிக்கொண்டே போனோம்.

தாமல் ஏரிக்கரை வளைவில், கரும்பு ஏற்றிய மாட்டு வண்டி ஒன்று ரோட்டில் குறுக்கே ஏறியது. தூரம் இருந்தது, நிறுத்தியிருக்கலாம். நான் பிரேக்கை மிதித்தேன். பத்துப் பன்னிரண்டு வருஷமாக எந்தக் காலால் மிதித்தேனோ அந்தக் காலால் மிதித்தேன். உனக்கு விளக்க வேண்டியதில்லை. பச்சை வண்டிக்கு பிரேக் இடது காலில், கியர் வலது காலில். மற்ற வண்டிகளுக்கெல்லாம் நேர்மாறு. நான் இடது காலை மிதித்ததும் சிவப்பு வண்டி ஒரு கியர் மேலே ஏறி இன்னும் உற்சாகமாக முன்னால் போனது. எனக்குப் புரியவில்லை. இன்னும் பலமாக அதே காலை மிதித்தேன். அந்த இரண்டு நொடியில் நான் செய்ததெல்லாம் அவ்வளவுதான். எனக்கு முழங்கை சிராய்த்தது. உன் அம்மாவின் தொடை எலும்பு முறிந்தது. அவள் மண்ணில் கிடந்தபடி, "ஏங்க, பிரேக்கு போடலியா?" என்று கேட்டாள். திட்டவில்லை, வெறுமனே கேட்டாள். அந்தக் கேள்வி என்னை விட்டுப் போகவே இல்லை.

ஆமாம் தணிகை, அவள் பஸ்ஸிலிருந்து விழவில்லை. ஆஸ்பத்திரிக்கு முதலில் வந்தவர் உன் பெரியப்பாதான். எப்படி ஆச்சு என்றார். என் வாய் திறக்கவில்லை. வலியில் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தவள் என் முகத்தை ஒரு முறை பார்த்துவிட்டு, "பஸ்ஸுலேந்து எறங்கசொல்ல வழுக்கிடுச்சி" என்று சொல்லிவிட்டாள். அன்றைக்கு அது என் மானத்துக்காக அவள் சொன்ன ஒரு வார்த்தை. மறுநாள் நான் திருத்தியிருக்கலாம். அடுத்த வாரம் திருத்தியிருக்கலாம். நீ பரீட்சை முடிந்து ஓடிவந்து, "எந்த பஸ்ஸும்மா?" என்று கேட்டபோதாவது சொல்லியிருக்கலாம். அவள் ஒரு பஸ் நம்பர் சொன்னாள், நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சிவப்பு வண்டி நமக்கு ஒத்துவரவில்லை என்று உன்னிடம் சொல்லிவிட்டு, அதை இருந்த இடத்திலேயே வந்த விலைக்குத் தள்ளிவிட்டேன். பச்சை வண்டியின் மேலிருந்த சாக்கை எடுத்தேன். அன்றிலிருந்து அவள் கால் ஒரு விரல் அளவு குட்டை. அன்றிலிருந்து அவள் எந்த வண்டியிலும் பின்னால் உட்கார்ந்ததில்லை. நீ மலையிலிருந்து வந்த அன்று, ஒரே ஒரு ரவுண்டு வாம்மா என்று கெஞ்சினாய். இடுப்பு வலி என்றாள். உன் வண்டி அவளுக்குப் பிடிக்காது என்று நீயாக நினைத்துக்கொண்டாய், உன் முகம் சுருங்கிப்போனதை நானும் பார்த்தேன். அப்போதும் சும்மாதான் இருந்தேன். ஓசூரிலிருந்து வரும்போதெல்லாம் தாமல் ஏரிக்கரையில் நிறுத்தி டீ குடித்தேன் என்பாயே, அந்தக் கடையிலிருந்து கூப்பிடு தூரம்கூட இல்லை அந்த இடம்.

இதைவிடக் கேவலமானது ஒன்று இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். நிச்சயத்துக்கு இரண்டு மாதம் முன்னால் நீ போனில் சிரித்துக்கொண்டே ஒன்று சொன்னாய். நண்பனுடைய புது வண்டியை எடுத்துப் பார்த்தாயாம், கம்பெனி கேட்டில் நிறுத்தப்போய் இடது காலை மிதித்து, வாட்ச்மேன் துள்ளிக் குதித்தாராம். அது உன் கால் இல்லை, என் கால். அந்த வண்டியில் உனக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தவன் நான்தான். இவ்வளவும் தெரிந்துதான் சபையில் தலையை ஆட்டினேன். பெரியப்பா ஒரு பேச்சுப் பேசினதற்காக, உன் காலையும் உன் பின்னால் உட்காரப்போகிற கஸ்தூரியின் காலையும் பந்தயம் வைத்தேன். நீ பழகிக்கொள்வாய் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பழகிக்கொள்வாய்தான். பன்னிரண்டு நாளில் நானும் பழகிவிட்டதாகத்தான் நினைத்தேன்.

போன வெள்ளிக்கிழமை புது வண்டி வந்து இறங்கியது. கைப்பிடியில் மாலை, முன் சக்கரத்தின் கீழே எலுமிச்சம்பழம், எல்லாம் முறைப்படி. வந்தவர்களுக்கு காபி கொடுத்து அனுப்பிவிட்டு உன் அம்மா வாசலுக்கு வந்தாள். வண்டியைச் சுற்றி வந்து இடது பக்கம் நின்று, கீழே கியரைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். சாப்பிடக் கூப்பிட்டேன், வரவில்லை. கடைசியில் என் பக்கம் திரும்பாமலே, "தணிகைகிட்ட நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டா?" என்றாள். பதின்மூன்று வருஷத்தில் அந்த விஷயத்தைப் பற்றி அவள் வாய் திறந்தது அதுதான் முதல் தடவை. இந்த வண்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்து உன்னிடம் சொல்கிறேன் என்றேன்.

இதுதான் மூன்றாவது தவறு. சனிக்கிழமை காலை பலகாரம் முடித்து வண்டியை எடுத்தேன். சாவி போட்டேன், உட்கார்ந்தேன், இடது கால் தானாகவே பிரேக்கைத் தேடியது. இறங்கிவிட்டேன். ஆள் வைத்து அனுப்பியிருக்கலாம், சம்பந்திக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாம். எனக்கு அதெல்லாம் தோன்றவில்லை. நியூட்ரலில் போட்டுத் தள்ளிக்கொண்டு கிளம்பிவிட்டேன். சம்பந்தி வீடு இருக்கிற ஐயம்பேட்டைக்கு ஏழெட்டு கிலோமீட்டர். பஸ் ஸ்டாண்ட் தாண்டுவதற்குள் சட்டை நனைந்துவிட்டது. "இன்னா சர்வேயரே, பெட்ரோல் தீந்துட்ச்சா?" என்று சிரித்தவர்கள், கைப்பிடியில் வாடித் தொங்கிய மாலையைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டார்கள். ஒருவர் பெருமூச்சு விட்டார். இவர்களுக்கு என்ன வந்தது என்று நான் நினைத்தேனே தவிர, எனக்கு உறைக்கவில்லை. சபையில் வாங்கிய சீர் திரும்பிப் போனால் சம்பந்தம் முறிந்துபோனதாக அர்த்தம். இது நம் ஜனத்தில் குழந்தைக்கும் தெரியும். மாலை போட்ட சீர் வண்டியைப் பட்டப்பகலில் பெண் வீட்டை நோக்கி நடுரோட்டில் தள்ளிக்கொண்டு போன முதல் ஆள் நான்தான்.

நான் போய்ச் சேர்வதற்கு முன்னாலேயே செய்தி போய்ச் சேர்ந்துவிட்டது. வாசலில் பத்துப் பதினைந்து பேர். உள்ளே கஸ்தூரியின் அம்மா அழுகிற சத்தம். சம்பந்தி என்னை உட்காரச் சொல்லவில்லை. "காலைலேந்து மூணு போனு வந்துடுச்சி. சபையில தலய ஆட்டிட்டு, தெருவுல தள்ளிகினு வந்து குடுக்கிறீங்களே, என் பொண்ணுக்கு நாளைக்கு யாருங்க வருவாங்க? நாங்க இன்னா தப்பு செஞ்சோம்?" என்றார். எனக்குத் தண்ணீர் கேட்கக்கூட வாய் வரவில்லை. அப்போது கஸ்தூரி வாசலுக்கு வந்தாள். அழவில்லை. "மாமா, அவரு என்னைய வேணாம்னு சொன்னாரா?" என்று கேட்டாள். இல்லம்மா என்றேன். "அப்ப வேற யாரு சொன்னது?" என்றாள்.

சொன்னேன் தணிகை. அந்தப் பத்துப் பதினைந்து பேருக்கு முன்னால், நின்றபடியே, எல்லாவற்றையும் சொன்னேன். நீ வண்டி வேண்டாம் என்றது, நான் மறைத்தது, சிவப்பு வண்டி, கரும்பு வண்டி, இடது கால், பஸ் என்று சொன்ன பொய். பாதியில் ஷேர் ஆட்டோ வந்து நின்றதும், உன் அம்மா அதிலிருந்து இறங்கியதும் எனக்குத் தெரியாது. சொல்லி முடித்துத் திரும்பினால் அவள் நின்றுகொண்டிருந்தாள். கஸ்தூரிதான் போய் அவள் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப்போய் உட்காரவைத்தாள். பிறகு வெளியே வந்து என்னிடம், "எனக்கு அந்தப் பச்ச வண்டியே போதும் மாமா. அந்த வண்டியப் பத்தி அவரு பேசசொல்லதான் எனக்கு அவர புடிச்சிது. ஆனா இத நீங்க சொல்லிகினு இருந்தா ஆவாது. நீங்க தள்ளிகினு வந்தத ஊரே பாத்துச்சி. அவரு ஓட்டிகினு வர்றதையும் ஊரு பாக்கணும்" என்றாள். சம்பந்திக்குக் கோபம் முழுசாக ஆறவில்லை. ஆறவும் நியாயமில்லை. "அடுத்த ஞாயித்துக்கிழம பன்னண்டு மணி வரைக்கும் பாப்பேன். வரலன்னா தட்டு திரும்பிடும்" என்றார். தண்ணீர் மட்டும் கொடுத்தார்.

உனக்குப் புத்தி சொல்கிற யோக்கியதை எனக்கு இல்லை. இருந்தாலும் அப்பன் என்கிற பாத்தியதையில் ஒன்று சொல்கிறேன். வண்டி விஷயத்தில் நீ என்னைவிடத் தெளிவானவன். உனக்கு எது போதும் என்பதை ஊரைக் கேட்காமல் தெரிந்துவைத்திருக்கிறாய். அதை யாருக்காகவும் மாற்றிக்கொள்ளாதே, எனக்காகவும் மாற்றிக்கொள்ளாதே. என்றைக்காவது உனக்கே வேறு வண்டி வேண்டும் என்று தோன்றினால் தாராளமாக வாங்கு. ஆனால் ஆறு மாதம் ஆள் இல்லாத ரோட்டில் தனியாக ஓட்டிப் பழகு, அதற்குப் பிறகு அவளை ஏற்றிக்கொள். விழுந்தால் விழுந்தேன் என்று அன்றைக்கே சொல்லிவிடு. உன் பொய்யை உன் பெண்டாட்டி சுமக்கும்படி விட்டுவிடாதே. நான் அப்படி விட்டேன். உன் அம்மா அதைக் காலோடு சேர்த்துச் சுமந்தாள். அன்று ஆட்டோவில் திரும்பும்போது பாதி வழியில் அவள் மெதுவாக, "அந்த பஸ்லேந்து நான் இன்னிக்குதாங்க எறங்கனேன்" என்றாள். ஆட்டோவில் ஏழு பேர் இருந்தார்கள். நான் வெளியே பார்த்துக்கொண்டு அழுதேன்.

நம் வாசல் இப்போது காலியாக இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் கிளம்பு. தாமல் ஏரிக்கரையில் டீ குடிக்க நிறுத்துவாய், நிறுத்து. வளைவில் மெதுவாக வா. நேராக ஐயம்பேட்டைக்குப் போய்விடாதே, முதலில் வீட்டுக்கு வா. பெட்டிகள் இரண்டையும் கழற்றி வைத்துவிட்டு வரச் சொல்கிறாள் உன் அம்மா. காலைத் தூக்கிப்போட முடியாது, ஒரு பக்கமாகத்தான் உட்கார வேண்டும், பெட்டி இடிக்கும் என்கிறாள். நிச்சயத்துக்குக் கட்டிய புடவையை இஸ்திரி போட்டு வைத்துவிட்டாள். நிஜமாகவா என்று இரண்டு முறை கேட்டேன். "அவன் பின்னால உக்காருவேன்" என்றாள். என் பின்னால் உட்காருவாயா என்று நான் கேட்கவில்லை. நீங்கள் இருவரும் முன்னால் போங்கள். நான் ஷேர் ஆட்டோவில் வருகிறேன்.

உன் அப்பா